மகன் இருப்பவர்களுக்குச் சாப்பாடு இல்லை

1

போன வாரம் எங்கள் ஊர் கவுன்சிலில் எழுந்து நின்று மூன்று நிமிடம் பேசினேன். எங்கள் ஊர் என்று கை தானாக எழுதிவிட்டது, மன்னித்துவிடுங்கள். எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கும் எளாவூருக்கும் நடுவில், ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. நான் பேசியது இங்கிலாந்தின் வடக்கே, வருஷத்தில் பத்து மாதம் மழையும் மீதி இரண்டு மாதம் தூறலுமாக இருக்கிற ஒரு சின்ன ஊரில்.

இங்கே எனக்கு வேலை, தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது. கவுன்சில் கொடுத்த வெள்ளை வேன், அதில் மூடி போட்ட முப்பது தட்டு. நடக்க முடிகிறவர்களுக்கு ஒரு ஹாலில் பந்தி உண்டு. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் ஒரு விதி: மகனோ மகளோ அதே ஊரில் இருந்தால் ஹாலில் இடம் கிடையாது. அந்த விதியை எடுத்துவிடலாமா என்று கவுன்சிலில் பேசப் போகிறார்கள், நீ வந்து பேசு என்றார் எங்கள் ஆபீசை நடத்தும் பாலின் அம்மையார். வாசல் வாசலாகப் போகிறவன் நீ, நீ சொன்னால் எடுபடும் என்றார்.

கூட்டம் நடக்கும் தேதியைப் பார்த்தேன். அதே வாரத்தில்தான் நைனாவின் முதல் தேவசம். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

சரி என்று தலையாட்டிவிட்டேன். இதில் ஒரு சிக்கல் இருந்தது, அது பாலினுக்குத் தெரியாது. பிள்ளை இருக்கிறவர்களுக்கு ஊர் சோறு போடக் கூடாது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடிதம் எழுதி, அதை நடத்தியும் காட்டியவன் நான்.

2

நான் இங்கே வந்ததில் என் திறமை ஒன்றும் இல்லை. என் மனைவி அமுதா நர்ஸ். திருவள்ளூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை இங்கிலாந்து ஆஸ்பத்திரி ஒன்று கூப்பிட்டது. அவள் விசாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நானும், ஆறு வயது மகள் யாழினியும் வந்து சேர்ந்தோம். அதற்கு முன்பு சிப்காட்டில் இரும்பு உருட்டும் ஆலை ஒன்றில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். பதினான்கு பேர் எனக்குக் கீழே. இங்கே எனக்குக் கீழே வேனின் நான்கு சக்கரம்தான், அவையும் கவுன்சில் சொன்னபடிதான் ஓடும்.

முதல் நாள் வேலையில் ஒரு கிழவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தார். நம் ஊர் மரியாதைப்படி, "சாப்பிட்டீங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டேன். அவர் என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதை நீதானப்பா சொல்லணும்" என்றார். அன்று முப்பது வீட்டிலும் அதையே கேட்டிருக்கிறேன். ஆபீசுக்கு எட்டு பேர் போன் செய்து, புது டிரைவருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்களாம்.

யாழினிக்கு இப்போது தமிழ் புரியும், பேச வராது. வந்தாலும் வெள்ளைக்காரர் வீட்டுத் தமிழ். என் இங்கிலீஷை அவள் திருத்துவாள், அவள் தமிழை நான் திருத்துவதில்லை. திருத்தினால் அதையும் நிறுத்திவிடுவாள் என்று பயம்.

3

அம்மா போன பிறகு நைனா ஊரில் தனியாக இருந்தார். நிலத்தில் பாதி சிப்காட்டுக்குப் போய்விட்டது. மீதியைக் குத்தகைக்கு விட்டிருந்தார், நெல் வீட்டுக்கு வந்துவிடும். கூப்பிட்டேன், இங்கே வரமாட்டேன் என்றார். "அங்க வந்து யாருகிட்ட இன்னா பேசுறது? மழகிட்டயா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான்.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்கு அப்போது தலைவர் கஸ்தூரி. என்னோடு ஊர்ப் பள்ளியில் ஒரே பெஞ்சு வரிசையில் படித்தவள். நம் பக்கத்தில் முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் மதியம் சாப்பிடலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பென்ஷன் கிடைக்க வேண்டுமென்றால் ஆதரவற்றவராக இருக்க வேண்டும். சம்பாதிக்கிற மகன் இருந்தால் ஆதரவற்றவர் இல்லை. மகன் மும்பையில் இருந்தாலும் சரி, மஸ்கட்டில் இருந்தாலும் சரி, காகிதத்தில் அவன் அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறான்.

கஸ்தூரிக்கு இது பொறுக்கவில்லை. சுனாமிக்கு மறு வருஷம், ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். பிள்ளை இருந்தும் வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற வயதானவர்களும் பள்ளிக்கூடத்தில் வந்து சாப்பிடலாம். அவர்களுக்கான அரிசியை ஊரே கொடுக்கும், காய்கறியைப் பஞ்சாயத்து பார்த்துக்கொள்ளும், அதே அடுப்பு, அதே சமையல் ஆயா. கைதூக்கி நிறைவேற்றினார்கள். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் ஒருவர் என் நைனா.

இது எதுவும் எனக்குத் தெரியாது. போனில் அவர் சொல்லவில்லை. சொன்னால் நான் எப்படிக் குதிப்பேன் என்று என்னைப் பெற்றவருக்குத் தெரியாதா?

4

சொன்னது பெரியப்பா மகன் ஏழுமலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

"இன்னா சேகரு, லண்டன்ல கீறேன்னு பேரு. இங்க உங்க நைனா இஸ்கூல்ல பசங்களோட குந்திக்கினு சத்துணவு துன்றாரு. தட்ட எடுத்துக்கினு லைன்ல நிக்கிறாருபா. பேஜாரா கீது எங்களுக்கு."

நான் இருப்பது லண்டன் இல்லை என்று ஏழுமலைக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை.

நான் படிக்கும் காலத்தில் பள்ளிக்கூடத்தில் இரண்டு கட்சி. வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுவருகிறவர்கள் ஒரு கட்சி, மதிய உணவுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் ஒரு கட்சி. நான் தூக்குச்சட்டிக் கட்சி. வரிசை நகரும்போது தூக்கின் மூடியைத் தரையில் தட்டித் தாளம் போடுவது என் வேலை. எல்லோரும் சிரிப்பார்கள். கோமாளித்தனத்தை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அந்தத் தாளம் இப்போது எனக்கே கேட்டது.

நைனாவுக்கு போன் போட்டேன். "இன்னா நைனா, மானத்த வாங்குற? நான் அனுப்புறது பத்தலியா? ஆள் வெச்சி சமைச்சிக்க."

"ஆளு வெச்சா சமைக்கும்டா, எதுருல குந்திக்கினு சாப்டுமா?" என்றார். "அங்க போனா நாலு பேரு கீறாங்க. பசங்க கீதுங்க. சோறு நம்ப அரிசிதான்..." இன்னும் ஏதோ சொன்னார். நான் கத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு கஸ்தூரிக்கு. "எங்க நைனா பேர எடுத்துடு."

"அவரே வந்து எடுக்கச் சொன்னா எடுக்கறேன்" என்றாள். "உங்க நைனா முட்ட போடுற அன்னிக்கி மொத ஆளா வராரு. பசங்களுக்குக் கத சொல்லினு சாப்புடுறாரு. உனுக்கு இன்னாபா இதுல?"

"புள்ள கீறவரு எப்டி லிஸ்ட்ல வந்தாரு? ரூல் இன்னா சொல்லுது?"

"ரூலா?" என்றாள் கஸ்தூரி. "நான் அந்த லைன்ல நின்னவ, சேகரு. நீ மூடி தட்டினவன். ரூல் பத்தி நீ எனுக்குச் சொல்லாத" என்று வைத்துவிட்டாள்.

5

இந்த நாட்டுக்கு வந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று, புகார்க் கடிதம் எழுதுவது. குப்பை வண்டி வரவில்லையா, கடிதம். பள்ளியில் இடம் தரவில்லையா, கடிதம். விசா அட்டையில் அமுதாவின் பெயருக்குப் பக்கத்தில் ஆண் என்று போட்டுவிட்டார்களா, கடிதம். இங்கே கடிதத்துக்குப் பதில் வரும். அந்த ருசி கண்டவன் நான்.

நூலகத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இங்கிலீஷில் தட்டினேன். அரசின் சத்துணவுக் கூடத்தில் விதிமுறைகளுக்குப் புறம்பாக, சம்பாதிக்கும் மகன்கள் உள்ள நபர்களுக்கு உணவு வழங்கப்படுகிறது. தகுதி உள்ளவர்களின் உரிமை பறிபோகிறது. உடனே விசாரணை தேவை. முடிவில், கவலையுள்ள ஒரு மகன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கஸ்தூரி பெயரை எழுதவில்லை, அவ்வளவு கண்ணியம் எனக்கு உண்டு. ஊர் பெயரை எழுதினேன். ஊருக்கு ஒரே ஒரு சத்துணவுக் கூடம்தான்.

மாவட்டத்து ஆபீஸ் ஒன்றுக்குத் தபாலில் அனுப்பினேன். நம் ஊரில் யார் இதையெல்லாம் படிக்கப் போகிறார்கள், கஸ்தூரியை மிரட்ட ஒரு காகிதம் போதும் என்றுதான் நினைத்தேன்.

படித்தார்கள். இருபதே நாளில் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். விதியில் இல்லாதது விதியில் இல்லாததுதான், அவர் மேல் தப்பில்லை. தீர்மானம் செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை கஸ்தூரி கூப்பிட்டாள். "உங்க நைனா ஒருத்தரத்தான நிறுத்தணும்னு பார்த்த? பன்னெண்டு பேரு நின்னுட்டாங்க. மீதி பதினோரு பேருக்கு நீ இன்னா பதில் சொல்வ?"

அவங்கவங்க பிள்ளை பார்த்துக்கட்டும் என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை. ஜெயித்த ஆள் மாதிரி அமுதாவிடம் சொன்னேன். எட்டு மணி நேர டூட்டி முடித்து வந்தவள், காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப நாளைக்கு மாமா எங்க சாப்பிடுவாரு?"

நான் அதை யோசிக்கவே இல்லை.

6

நைனா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்தால் முன்னைவிடக் கலகலப்பாகப் பேசினார்.

"சாப்டியா நைனா?"

"ஆச்சு ஆச்சு. பழவேற்காட்டுலருந்து எறா வந்துச்சி. முருங்கக்கா போட்டுத் தொக்கு வெச்சேன். தெருவே வாசன."

அடுத்த வாரம் வஞ்சிரக் குழம்பு. அதற்கு அடுத்த வாரம் ஊத்துக்கோட்டைச் சந்தையில் வாங்கிய நாட்டுக்கோழி, அதில் மிளகு எவ்வளவு, எப்போது இடித்துப் போட்டார் என்பது வரை சொன்னார். கேட்டு எனக்கு இங்கே நாக்கு ஊறும். அப்போது நான் கையில் பிடித்துக்கொண்டிருப்பது உப்பில்லாத பட்டாணி. பொறாமையாகக்கூட இருந்தது. பார்த்தாயா, சத்துணவை நிறுத்தினதும் மனுஷன் ராஜா மாதிரி சாப்பிடுகிறார் என்று அமுதாவிடம் பீற்றிக்கொண்டேன்.

எட்டு மாதம் விதவிதமாகச் சாப்பிட்டார். ஐப்பசி மழையில் ஒரு நாள் விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சமையலறைக்குள் போனேன். அடுப்பு பளபளவென்று இருந்தது. மிளகு டப்பாவைத் திறந்தேன், அம்மா காலத்துப் பூச்சி. அலமாரியில் பன் சுற்றி வந்த காகிதங்களை மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். எதையும் தூக்கிப் போடாத மனுஷன்.

ஹைவே ஓரத்து டீக்கடைக்காரரைக் கேட்டேன். "மத்தியானம் வருவாரு. ஒரு பன்னு, ஒரு டீ" என்றார். "லாரிக்காரங்க எதுனா ஓட்டல்ல இன்னா சாப்டாங்கன்னு பேசிக்கினு இருப்பாங்க. அத்தக் கேட்டுக்கினே குந்தியிருப்பாரு. எறாத் தொக்குல இன்னா போட்டாங்கன்னு திரும்பத் திரும்பக் கேப்பாரு."

7

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊருக்கே சாப்பாடு போட்டேன். பந்தலில் இலை விரித்து, வாளியை எடுத்துக்கொண்டு நானே பரிமாறினேன். நைனாவோடு பள்ளியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினோரு பேரும் வந்திருந்தார்கள். ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பழக்கம் போலிருக்கிறது.

கிளியம்மா என்று ஒரு பாட்டி. இரண்டு பிள்ளைகள், ஒருவன் காக்களூரில் கம்பெனி வேலை, ஒருவன் துபாய். நான் அன்னக்கரண்டியோடு அவள் இலைக்கு முன்னால் குனிந்தேன். இலையின் மேல் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னா சேகரு, இன்னிக்கி புள்ள கீறவங்க குந்தலாமா?"

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. கையை எடுத்துவிட்டு அவளே சொன்னாள்: "போடு, போடு. ஜீப்பு வரதுக்குள்ள போட்டுடு."

போட்டேன். சாப்பிட்டாள். இரண்டாம் முறை சாம்பார் கேட்டாள். அவள் கேட்டது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

8

திரும்பி வந்ததும் மறுபடி நூலகம், மறுபடி கடிதம். என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், பழைய ஏற்பாட்டை அனுமதியுங்கள் என்று எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுக் கோப்பு முடிக்கப்பட்டுவிட்டதால், முடிக்கப்பட்ட மனுவைத் திரும்பப் பெற வழியில்லை. இன்னும் மூன்று எழுதினேன். கஸ்தூரியின் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. புதிய தலைவருக்கு ரோடு போடும் வேலை.

கவுன்சில் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் கஸ்தூரிக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். இத்தனை நாளில் முதல் தடவை.

"அங்க போய்ச் சொல்றியா? சொல்லு சொல்லு. இன்னான்னு சொல்வ?"

"தெர்ல கஸ்தூரி."

"நடந்தத சொல்லு. கத கட்டாத. நீ கத கட்டுவ." பிறகு, "உனுக்கு ஒன்னு சொல்லாம வெச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

அதிகாரி வந்த அன்று சாப்பாட்டு நேரம். எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எதற்காக நிறுத்துகிறீர்கள் என்று கஸ்தூரி சண்டை போட, அவர் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்துக் கையெழுத்தோடு படித்துக் காட்டியிருக்கிறார். எல்லோரும் நைனாவைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

"உங்க நைனா எழுந்தாரு. ஒரு மாதிரி ஆயிடுச்சி எனுக்கு. அந்தாளு கிட்டப் போயி, 'சார், இங்கிலீசுலயா எழுதிக்கீறான்?'ன்னு கேட்டாரு. ஆமான்னாரு. 'தப்பு இல்லாம எழுதிக்கீறானா சார்?'னு கேட்டாரு. நல்லாத்தான் எழுதியிருக்காருன்னு சொன்னாரு அந்த ஆபீசரு. சரின்னுட்டு தட்டக் கழுவினாரு. எடுத்துக்கினு போயிட்டாரு. அப்பறம் இஸ்கூல் பக்கமே வரல. அறுப்புக்கு அறுப்பு ரெண்டு மூட்ட அரிசி குடுத்துக்கினு இருந்தவரு. அந்த வருசமும் ஆளு கையில குடுத்தனுப்பினாரு, பென்ஷன்காரங்களுக்கு ஆவட்டும்னு."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"கீறியா?" என்றாள்.

"கீறேன்."

"பதினோரு பேருல இப்ப ஏழு பேருதான் கீறாங்க. லெட்டர் எழுதாத இனிமே. ஜனவரி இருவத்தாறு கிராம சபை. வந்து நின்னு உன் வாயால சொல்லு. கை தூக்கறவங்க தூக்கட்டும்."

லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது ஒன்றுதான் இந்த வருஷம் நான் எழுதிய கடிதங்களில் பிரயோஜனமானது.

9

பேச வேண்டியதை யாழினிதான் இங்கிலீஷில் டைப் செய்து கொடுத்தாள். தாத்தா பற்றி ஏதாவது சேர்த்தால் நன்றாக இருக்கும் என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவள் தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். என் இங்கிலீஷில்தான், காலமும் வினையும் முட்டிக்கொண்டு. வழக்கம்போல் நடுவில் ஒரு ஜோக் சொல்லலாம் என்று வாய் எடுத்தேன், வரவில்லை. பிள்ளை பக்கத்தில் இருக்கிறானா என்று கேட்காதீர்கள், எதிரில் உட்கார்ந்து யார் சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள் என்று முடித்தேன். மூன்று நிமிட மணி அதற்கு முன்பே அடித்துவிட்டது. யாரும் நிறுத்தவில்லை.

விதியை எடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் கை தூக்கவில்லை. அவருடைய அம்மா என் வேனில் பதினேழாவது தட்டு, எனக்குத் தெரியும். என்ன கூச்சத்தில் தூக்கவில்லை என்பதும் தெரியும்.

யாழினி பின் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். பாட்டுப் போடவில்லை, போனை எடுக்கவில்லை. பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றோம். கண்ணாடியைத் துடைப்பான் துடைத்துக்கொண்டிருந்தது.

"அப்பா" என்றாள், தமிழில். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். "நீங்க ஓல்ட் ஆனா, எங்க வேணும்னாலும் சாப்பிடுங்க. நான் யாருக்கும் லெட்டர் எழுத மாட்டேன்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். கையைக்கூடப் பிடித்தாள். அவள் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று எனக்கும் தெரிந்தது: ஒரு ஹால், வரிசையாக நாற்காலிகள், ஒன்றில் நான். அவள் எங்கோ வேறு ஊரில்.

பச்சை விழுந்தது. கண்ணாடியில் துடைப்பான் ஓடிக்கொண்டே இருந்தும் எதிரே ஒன்றும் தெரியவில்லை. பின்னால் வரிசையாக வண்டிகள் நின்றன. இந்த ஊரில் ஹாரன் அடிக்க மாட்டார்கள். காத்திருந்தார்கள். மூன்றாவது பச்சையில்தான் கிளம்பினேன்.